கொண்டலின் துணைக்கை

பந்தயப் படகு கட்டுகிறவர்களைப் போலக் கஞ்சர்களை உலகத்தில் பார்க்க முடியாது. காசில் அல்ல, எடையில். தூத்துக்குடியின் தெற்குக் கரையில் இருந்த அந்தப் பட்டறையில் ஒரு திருகாணியைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பெயின்ட் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டதென்று தோன்றினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பாய்மரத்துக்குள் யாரோ மறந்துவிட்டுப்போன டேப் துண்டு ஒன்றைத் தேடி ஒரு முழு நாள் வேலை நின்றிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படகில் ஏறுகிற ஆட்களைப் பார்த்து, "பிரியாணிய எறக்கி வச்சிட்டு ஏறுல" என்பது அங்கே அன்றாடக் கிண்டல்.

இந்தக் கஞ்சர் கூட்டத்துக்குத் தலைவி சுகிர்தா. நாற்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷமாக ஒரே படகைத்தான் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். அதற்குக் 'கொண்டல்' என்று பெயர் வைத்திருந்தாள். கீழைக் காற்றின் பெயர். பதினாறு மீட்டர் நீளம். முழுக்கக் கார்பன். அடியில் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு பலகைகள். வேகம் பிடித்துவிட்டால் அந்தச் சிறகுகள் படகை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அதன் பிறகு கடலைத் தொட்டுக்கொண்டிருப்பது சிறகின் நுனியும் சுக்கானும் மட்டும்தான்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உயரத்தில், அந்த வேகத்தில், சுக்கான் பிடித்திருப்பவன் ஒரு தும்மல் போட்டால் போதும், படகு மூக்குக் குப்புற விழும். எந்த நாட்டுப் படகாக இருந்தாலும் கடைசியில் அதன் வேகத்தைக் கட்டிப்போடுவது மனுஷக் கைதான். அதனால்தான் சுகிர்தா துணைக்கையைச் செய்தாள்.

அதைப் பற்றி டெல்வினிடம் முதன்முதலாகச் சொன்ன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டெல்வின் மச்சாடோ கொண்டலின் சுக்கான்காரன். அவளைவிட ஏழு வயது இளையவன். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அவளை அக்கா என்றே கூப்பிடுவான். கொண்டலுக்கு முன்னால் அவள் செய்த படகுகளையும் அவன்தான் ஓட்டினான், இரண்டைக் கவிழ்த்தும் இருக்கிறான்.

"சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் நடுவுல கயிறு கெடையாது. ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுதான் துணைக்கை," என்றாள் சுகிர்தா.

"அப்போ படகு நான் ஓட்டுதேனா, அது ஓட்டுதா?"

"நீதாம்ல ஓட்டுத. நீ வேணும்னு செய்யுத எதையும் அது தொடாது. தானா வாரத மட்டும் கழிச்சிரும். நீ தும்முனா சுக்கான் தும்மாது, அவ்வளவுதான்."

"எது வேணும்னு செய்யுதது, எது தானா வாரதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்கூட ஒரு வருஷம் பழகி அது தெரிஞ்சிக்கிடும்."

"எம்பொண்டாட்டிக்கே பத்து வருஷத்துல தெரியலியே அக்கா," என்று சிரித்தான்.

துணைக்கை நன்றாகவே பழகியது. டெல்வினின் கை களைத்தால் எவ்வளவு தளரும், குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அடித்தால் எந்தப் பக்கம் இழுக்கும், யாராவது கத்தினால் எவ்வளவு துள்ளும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்தது. சக்கரத்தில் அவன் கைக்குத் தெரிகிற உணர்வும் துணைக்கை வடிகட்டித் திருப்பிக் கொடுப்பதுதான். "வெண்ணெயில கத்தி போனாப்ல போகுதுக்கா," என்பான்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பெரிய படகு ஓட்டுகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வருவார்கள். ஒரு பாய், ஒரு சுக்கான் கட்டை, நடுவில் எந்த இயந்திரமும் கிடையாது. கையின் தப்பு கைக்கே தெரிந்துவிடும். டெல்வின் சனிக்கிழமை தவறாமல் போவான். ஆனால் போய்வந்த மறுநாள் கொண்டலில் அவன் கை வேறு மாதிரி இருந்தது. துணைக்கை கற்ற பாடம் எல்லாம் கொஞ்சம் கலைந்தது. எதையும் கலையாமல் வைத்துக்கொள்வதுதான் சுகிர்தாவின் தொழில்.

"பந்தயம் முடியுத வரைக்கும் அந்தச் சின்னப் படக விட்டுரு டெல்வின்," என்றாள் ஒரு நாள்.

அவன் மூஞ்சி தொங்கிப்போயிற்று. இருந்தாலும் விட்டுவிட்டான். அவள் சொல்லி அவன் எதைத்தான் கேட்காமல் இருந்தான்?

அடுத்த வருஷம் பொங்கல் முடிந்த வாரம் இசக்கியப்பன் அவள் மேசைக்கு வந்தான். துணைக்கைக்கு நிரல் எழுதியவன் அவன். ஐம்பதை நெருங்குகிற ஆள், அளந்துதான் பேசுவான்.

"மேடம், கழிக்க வேண்டியதுல புதுசா ஒண்ணு வந்திருக்கு. நொடிக்கு அஞ்சு அசைவு. ரொம்பச் சின்னது. நவம்பர்ல இது கெடையாது."

"கேபிளா இருக்கும்."

"கேபிள மாத்திப் பாத்தாச்சு. மாத்து ஆளு பிரின்சி பிடிச்சா இது வரல. டெல்வின் சார் பிடிச்சாத்தான் வருது. அதுவும் வலது கை வேலையில்லாம சக்கரத்து மேல சும்மா கெடக்கும்போது மட்டும்."

சுகிர்தா திரையைப் பார்த்தாள். சின்னச் சின்ன அலை. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. இயந்திரக் கோளாறு இப்படி வராது. இயந்திரம் தப்புச் செய்தால் தாறுமாறாகச் செய்யும். உடம்பு மட்டும்தான் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யும்.

இசக்கியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நொடிக்கு ஐந்து, ஓய்வாக இருக்கும் கை, ஒரு பக்கம் மட்டும் என்று தேடினாள். முதல் பக்கத்திலேயே வந்து நின்றது: நடுக்குவாதம். அதன் கீழே, இப்போதெல்லாம் பயப்பட வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரிகிற நடுக்கம் வருவதற்கு முன்பே ஊசி மருந்தைத் தொடங்கிவிட்டால் நோய் அதே இடத்தில் நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. பிந்திவிட்டால் நிற்காது என்றும் எழுதியிருந்தது. முழுவதையும் படித்தாள். படிக்கவில்லை என்று அவளால் பிறகு சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். நரம்பில் கோளாறு என்று ஒரு வரி எழுதினாலும் பந்தயத்தை நடத்துகிற போட்டிக் குழு அவனைச் சுக்கானில் நிற்க விடாது. துணைக்கை இன்னொருவரிடம் பழக ஒரு வருஷம் வேண்டும். ஆகஸ்டில் மாலத்தீவு வரை போகும் பந்தயம். அதற்குக் கொண்டல் போகாவிட்டால் பட்டறையை நடத்துகிற கம்பெனி மறுநாளே பூட்டுப் போட்டுவிடும். ஒன்பது வருஷத்துப் படகு மரக்கட்டைகள் மேல் நின்று தூசி அடையும்.

நான் டாக்டரா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஒரு அலையைப் பார்த்து ஒருத்தனை நோயாளி ஆக்கலாமா? பந்தயம் முடிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம். ஏழு மாதத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது? இப்படி நியாயம் பேசிப் பேசியே மனசாட்சியின் வாயை அடைத்தாள்.

இசக்கியைக் கூப்பிட்டாள். "அது அவன் கைப்பழக்கம். கழிச்சிரு."

"சார்ட்ட ஒரு வார்த்த..."

"நான் சொல்லிக்கிடுதேன்."

இசக்கி திரையிலிருந்த அலையை மூடினான். பிறகு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அளந்து பேசுகிற ஆட்களிடம் இது ஒரு வசதி என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி போட்டிக் குழுவின் அதிகாரி வந்து துணைக்கைக்கு முத்திரை வைத்தார். விதி அப்படி. பந்தயத்துக்கு ஆறு மாதம் முன்பு அது கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான், அதன் பிறகு புதிதாக எதையும் கற்கக்கூடாது, மறக்கவும் கூடாது. அது எதையெல்லாம் கழிக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பம்ப்பின் உறுமல், பாய்மரத்தின் முனகல் என்று நாற்பத்து மூன்று இனங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, படகை வரைந்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தோராவது இனத்துக்கு நேராக சுகிர்தா 'கேபிள் அதிர்வு' என்று எழுதினாள். பேனா தயங்கவில்லை. அதுதான் அவளைப் பிற்பாடு அதிகம் சுட்டது.

கடைசித் தாளில் சுக்கான்காரனும் கையெழுத்துப் போட வேண்டும். டெல்வின் புரோட்டாக் கடைக்குப் போகிற அவசரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டான். "நீங்க எழுதுனா சரியாத்தான்க்கா இருக்கும்," என்றான்.

கொண்டல் அந்தக் கோடையில் பறந்தது. மன்னார் வளைகுடாவில் அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் பார்த்ததில்லை. மீன்பிடி விசைப்படகுகள் எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தன. டெல்வின் கரைக்கு வந்ததும் அவளைத் தேடிப்பிடித்துக் கையைக் குலுக்குவான். அந்தக் கையைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் நடுக்கம் இருக்கிறதா என்றுதான் அவள் கவனித்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் பிறகு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை டெல்வின் பட்டறைக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அக்கா, நான் படகுல ஏற முடியாது."

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"தங்கச்சி பிள்ள ஞானஸ்நானத்துக்குச் சட்டப் பொத்தான் போடுதேன், போட முடியல. வெரலு ஆடுது. எம்பொண்டாட்டிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. நடுக்குவாதமாம்." வலது கையை மேசையின் மேல் வைத்தான். அது ஆடியது. நொடிக்கு ஐந்து தடவை. எண்ணிப் பார்க்கவே அவளுக்குத் தேவையில்லை.

"மருந்து இருக்குல்லா?"

"இருக்கு. நாலு மாசம் முன்னால வந்திருந்தா அப்படியே நிறுத்தியிருக்கலாமாம். இனிமே மெதுவா கொண்டுபோக மட்டும்தான் முடியுமாம். டாக்டர் என்னயப் புடிச்சி ஏசுதாரு. சுக்கான் பிடிக்கிற ஆளு, ஒங்க கைக்கா மொதல்ல தெரியாமப் போச்சுங்காரு. நானும் அதத்தான் நெனச்சிப் பாக்கேன். நேத்துவரைக்கும் கொண்டல்ல எங்கை கல்லு மாதிரி இருந்துச்சேக்கா."

இதுதான் தருணம். இப்போது சொன்னால் அவன் கத்துவான், தொப்பியை எடுத்து அவள் முகத்தில் எறிவான். அதெல்லாம் அவனுக்கு நியாயம், அவளுக்குத் தண்டனை. சுகிர்தா வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"துணைக்கை கழிச்சிருக்கு டெல்வின். போன மாசந்தான் லேசா ஏதோ ஆடுதாப்ல தெரிஞ்சுது. படகு இரைச்சல்னு நெனச்சிட்டோம். எனக்குத் தெரியாமப் போச்சு."

டெல்வின் அவளையே பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அவன் எழுந்து சுற்றிவந்து, ஆடாத இடது கையை அவள் தோளில் வைத்தான்.

"நீங்க என்னக்கா செய்வீங்க? எங்கைக்கே தெரியல, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அழாதீங்க. படகு இருக்குல்லா. பிரின்சி ஓட்டட்டும்."

அவன் ஆறுதல் சொல்லச் சொல்ல அவள் அழுதாள். வாழ்நாளில் அவள் வாங்கிய எந்த அடியும் அந்தக் கை அளவுக்கு வலிக்கவில்லை.

பிரின்சிக்கு முப்பது வயது. நல்ல சுக்கான்காரி. துணைக்கை அவளிடம் பழகவில்லை என்றாலும் படகின் இரைச்சலை அது கழிப்பதே போதும், மூன்றாவது இடமாவது வரலாம் என்று கம்பெனி சொன்னது. சுகிர்தா துணைக்கையின் முத்திரையை உடைக்க அனுமதி கேட்டுப் போட்டிக் குழுவுக்கு எழுதினாள். காரணம் கேட்டார்கள். அவள் எழுதிய காரணம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போதுமான காரணம் அவளிடம் ஒன்று இருந்தது. அதை எழுதத்தான் கை வரவில்லை.

ஜூலையில் பிரின்சியை ஏற்றி முதல் வெள்ளோட்டம் விட்டார்கள். காலை பத்து மணி. மேற்கேயிருந்து கச்சான் காற்று நன்றாக வீசியது. பின்னால் போகும் ரப்பர் படகைச் சுகிர்தா ஓட்டினாள். "நானும் வாரேன், வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்று டெல்வினும் ஏறிக்கொண்டான். வேறு ஆள் இல்லை.

கொண்டல் வேகம் பிடித்தது. உடல் தண்ணீரைவிட்டு மேலே எழுந்தது. டெல்வின் எழுந்து நின்று பார்த்தான். பார்க்க ஆசையாக இருந்திருக்க வேண்டும். வாக்கிடாக்கியில் பிரின்சியின் குரல் வந்தது.

"மேடம், படகு உதறுது."

"எப்படி?"

"சுக்கான்தான். சின்னதா, வெட்டு வெட்டுன்னு. நான் கைய அசைக்கவே இல்ல. சும்மா பிடிச்சிருக்கும்போதுதான் ஜாஸ்தியா இருக்கு. வேகம் ரெண்டு நாட் கொறையுது."

இதைச் சுகிர்தா எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவள் கணக்குப் போட்டிருந்தாள். புதுக் கைக்குத் தெரியாத அளவு சின்னது என்று நம்பியிருந்தாள், நம்ப வேண்டியிருந்ததால்.

"சுக்கான் பலகையில பாசி ஏதும் சிக்கியிருக்கும். ஒருதடவ நின்னு கழுவிட்டுப் போ," என்றாள்.

பிரின்சி நின்றாள், கழுவினாள், மறுபடி எழும்பினாள். "அப்படியேதான் இருக்கு மேடம். கேபிளா இருக்குமோ?"

டெல்வின் கொண்டலுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுக்கான் கிழித்துக்கொண்டு போன கோடு நேராக இல்லை. இரண்டு ஓரத்திலும் தையல்காரர் துணி பிரியாமல் இருக்க வெட்டுவாரே, அந்த மாதிரி பல் பல்லாக இருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரே அளவு.

"இன்னும் கிட்டப் போங்கக்கா."

போனாள். வேறு வழி இருக்கவில்லை.

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு ரப்பர் படகின் விளிம்பில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தான். மறுபடி தண்ணீரை. உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே தாளத்தில் ஆடின.

"இது நானு," என்றான்.

எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி அவள் இருந்தாள்.

"எங்கை ஆடும்னு எதிர்பாத்து, அதுக்கு முந்தியே எதிர்ப்பக்கம் தள்ளப் பழகியிருக்கு. இப்ப எங்கை அங்க இல்ல. பிரின்சி கை ஆடல. அதனால அது தள்ளுதது மட்டும் தண்ணியில விழுது. சரியாக்கா?"

"சரிதான்."

"முத்திரை வச்சது பிப்ரவரி பதினொண்ணு. நானும் கையெழுத்துப் போட்டேன். அதுக்குப் பிறகு அது ஒண்ணையும் படிக்கல." அவன் குரல் உயரவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். "அப்போ இது பிப்ரவரியிலயே இருந்த கை. நீங்க போன மாசம் பாத்தோம்னு சொன்னீங்க."

சுகிர்தா எஞ்சினை அணைத்தாள். கொண்டல் பல் பதித்த கோட்டை இழுத்துக்கொண்டு தூரமாகப் போனது.

"ஜனவரியில பாத்தேன்," என்றாள். "என்னன்னும் தெரியும். தேடிப் படிச்சேன். பட்டியல்ல கேபிள் அதிர்வுன்னு எழுதுனேன். பந்தயம் முடியட்டும்னு இருந்தேன் டெல்வின். இசக்கி சொல்லச் சொன்னான், நான்தான் சொல்லல. அவன் மேல ஒண்ணும் இல்ல."

இதைச் சொன்னால் மனசு கொஞ்சமாவது இறங்கும் என்று அவள் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. காற்று பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். வாக்கிடாக்கியில் பிரின்சி, "மேடம், என்ன செய்யட்டும், திரும்பட்டுமா?" என்று கேட்டாள். 

டெல்வின் வாக்கிடாக்கியை அவள் மடியிலிருந்து எடுத்தான். வலது கையில் எடுத்ததால் அது ஆடியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பிரின்சி, ஒம் மேல தப்பு இல்ல. படகு மேலயும் இல்ல. ஒரு தடவ எங்க பக்கமா வந்து தாண்டிப் போ. பொறவு கரைக்கு வா."

கொண்டல் வளைந்து திரும்பி வந்தது. பத்து மீட்டர் தூரத்தில் தண்ணீருக்கு மேலே பறந்து கடந்தது. அதன் பின்னால் கோடு இவர்கள் படகை ஒட்டியே நீண்டது. டெல்வின் குனிந்து, தண்ணீர் கலைந்து ஒன்றுசேர்கிற வரைக்கும் அந்தப் பற்களைப் பார்த்தான். விளிம்பில் இருந்த அவன் கை இப்போது அதைவிட மூன்று மடங்கு பெரிதாக ஆடியது.

"இவ்வளவு சின்னதாத்தான் இருந்திருக்குக்கா," என்றான்.